மெய்யெழுத்துக்குத் தனிச் சுரம் இல்லை

சென்ற ஆண்டு விழாவுக்காக ஆறாம் வகுப்பு மாணவர்களுக்கு ஒரு சிறு பாடல் எழுதினேன். முதல் வரி: 'மழை வந்தது, மரம் சிரித்தது'. கீபோர்டு வாசிக்கும் மாணவி ஒருத்திக்காகச் சுரங்களை எழுதி, அவற்றின் கீழே எழுத்துக்கு ஒரு சுரமாகப் பாடல் வரியையும் எழுதிக் கொடுத்தேன். ஒத்திகையில் 'மரம்' என்பது 'ம-ர-மு' ஆயிற்று. 'வந்தது' என்பது 'வ-நு-த-து' ஆயிற்று. பிள்ளைகள் மீது தவறில்லை. நான் எழுதியபடியேதான் பாடினார்கள்.

சுரத்தைத் தாங்குவது உயிரொலி. 'த்' என்பதை யாராலும் நீட்டிப் பாட முடியாது. எனவே புள்ளி வைத்த எழுத்தை அதற்கு முன்னுள்ள எழுத்தோடு சேர்த்துவிட வேண்டும். இரண்டு மெய்கள் அடுத்தடுத்து வந்தாலும் இதுவே விதி: வாழ்த்-து.

ம-ழை வந்-த-து ம-ரம் சி-ரித்-த-து

இவ்வரியில் 14 எழுத்துகள். 3 மெய்களைக் கழித்தால் 11 துண்டுகள். அதாவது, குறைந்தது 11 சுரங்கள் வேண்டும். கரும்பலகையில் மாணவர்களே எண்ணிப் பார்க்கலாம்.

'யாப்பில் அசை பிரிக்கிறோமே, அதுவே போதாதா?' என்று தோன்றலாம். போதாது. 'மழை' யாப்பில் ஒரே நிரையசை. பாடும்போதோ ம, ழை என இரண்டு துண்டுகள். அசைக் கணக்கில் இவ்வரி 6 அசைகளே. நிரையசையை மீண்டும் இரண்டாகப் பிரித்தால்தான் சுரக் கணக்கு சரியாக வரும்.

கவனிக்க வேண்டியவை இன்னும் மூன்று:

1. புணர்ச்சி: 'தமிழ் அன்னை' என்பதைச் சேர்த்துப் பாடினால் த-மி-ழன்-னை. நிறுத்திப் பாடினால் த-மிழ் அன்-னை. எப்படிப் பாடுகிறோமோ அப்படியே எழுத வேண்டும்.

2. நீட்டல்: மேற்கத்திய இசைக்குறிப்பில் சொல்லின் நடுத்துண்டு பல சுரங்களுக்கு நீண்டால் சிறுகோடுகளும், கடைசித் துண்டு நீண்டால் அடியில் நீள்கோடும் இடுவர். கருநாடக இசையின் சுரக்குறிப்பில் காற்புள்ளி ஓர் அட்சர காலத்தையும், அரைப்புள்ளி இரண்டையும் குறிக்கும். 'மரம்' என்பதில் 'ரம்' நீண்டால், நீள்வது 'ர'. முடியும்போதுதான் 'ம்' என்று வாய் மூட வேண்டும்.

3. குறில்: நீண்ட சுரத்தைக் கூடியவரை நெடிலுக்குக் கொடுங்கள். 'மலை'யின் முதலெழுத்தை இழுத்தால் கேட்பவருக்கு அது 'மாலை'. 'பாட்டு' போன்ற சொற்களின் இறுதி உகரம் குறுகி ஒலிப்பது; அதற்குக் குறுகிய சுரமே பொருந்தும்.

பாடல் தாளைத் திருத்தி எழுதியபோது எதிர்பாராத ஒன்று நடந்தது. எழுத்துக்கூட்டி மட்டுமே படித்துவந்த ஒரு மாணவன், 'சி-ரித்-த-து' என்பதைத் தயங்காமல் வாசித்தான். 'சி, ரி, த்' என்று ஒவ்வோர் எழுத்திலும் நின்றுகொண்டிருந்தவனுக்குப் புள்ளி எழுத்து எங்கே சேரும் என்பது அன்று பிடிபட்டது. பாட்டுக்காகப் பிரித்தது படிப்புக்கும் உதவியது.

ஆனால் பிரித்த வடிவமே சொல்லின் வடிவம் என்று பிள்ளைகள் எண்ணிவிடக் கூடாது. அதனால் தாளின் மேற்பகுதியில் பாடலை முழுச் சொற்களாகவும், கீழே சுரங்களோடு பிரித்தும் இப்போது எழுதுகிறேன். முதலில் வாசிப்பு, பிறகு துண்டுக்கு ஒரு கைதட்டல், அதன்பின் பாட்டு. அடுத்த பாடலை நீங்களும் இவ்வாறு எழுதிக் கொடுத்துப் பாருங்கள்.