போர்க்காலத்தில் ஹாம் ரேடியோ: சட்டம் என்ன சொல்கிறது?

ஹாம் ரேடியோ எனப்படும் அமெச்சூர் வானொலியின் உரிமம் வைத்திருப்பவர்கள் (ஹாம்கள்) ஒன்றைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். போர் மூண்டால் பல நாட்டு அரசுகள் முதலில் கைவைக்கும் இடங்களில் அவர்களது டிரான்ஸ்மிட்டரும் ஒன்று.

பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்ட மறுநாளே, 1941 டிசம்பர் 8 அன்று, அமெரிக்கா ஹாம் நிலையங்களை நிறுத்தியது. 2022 பிப்ரவரியில் நெருக்கடி நிலை அறிவித்த உக்ரைனும் அதையே செய்தது. 1939இல் பிரிட்டன் ஹாம்களின் டிரான்ஸ்மிட்டர்களைப் பறிமுதல் செய்தது. ஆனால் அதே ஹாம்களில் பலரை, ஜெர்மானிய சமிக்ஞைகளை ஒட்டுக்கேட்கும் ரகசியப் பணியில் சேர்த்துக்கொண்டது. இந்தியாவிலும் அப்போது உரிமங்கள் ரத்தாயின. டிரான்ஸ்மிட்டர்கள் தமக்கு எதிராகப் பயன்படும் என்ற ஆட்சியாளர்களின் அச்சம் வீண் அல்ல என்பதை 1942இல் பம்பாயில் உஷா மேத்தாவும் தோழர்களும் நடத்திய ரகசியக் காங்கிரஸ் வானொலி காட்டியது.

இன்று அரசின் அதிகாரம்

இந்தியாவின் தொலைத்தொடர்புச் சட்டம் 2023இன் 20, 21ஆம் பிரிவுகள் 2024 ஜூன் 26 முதல் நடைமுறையில் உள்ளன. பொது நெருக்கடியிலோ, பொதுமக்கள் பாதுகாப்புக்காகவோ, உரிமம் பெற்றவரின் தொலைத்தொடர்பு வலையமைப்பை மத்திய, மாநில அரசுகள் தற்காலிகமாகத் தம் வசம் எடுத்துக்கொள்ள 20ஆம் பிரிவு இடம் தருகிறது. செய்திகளை இடைமறிக்கவும் சேவையை நிறுத்திவைக்கவும் அதில் வழி உண்டு. போரிலும் தேசப் பாதுகாப்பிலும் மத்திய அரசுக்கு இன்னும் விரிந்த அதிகாரத்தை 21ஆம் பிரிவு அளிக்கிறது.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. வழக்கமான தொலைத்தொடர்பு அறுந்துபோகும் பேரிடரில் அரசு அதிகாரிகளின் செய்திகளைக் கொண்டுசேர்ப்பவர்களும் ஹாம்கள்தான். 2004 சுனாமியின்போது போர்ட் பிளேரில் இருந்த இந்திய ஹாம்கள் அந்தமானின் செய்திகளை வெளியுலகுக்குக் கொண்டுசேர்த்தார்கள்.

எங்கே சிக்கல் வரும்?

உரிமம் இல்லாத கருவியால்தான் பெரும்பாலும் சிக்கல் வருகிறது. உரிமமின்றி ரேடியோ கருவியை வைத்திருப்பதையே 1933ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டம் குற்றமாக்கியது. ஆன்லைனில் கிடைக்கிறதே என்று வாக்கி டாக்கி வாங்குவதும் ஆபத்து. உரிய அனுமதி விவரங்கள் இல்லாமல் அவற்றை விற்றதற்காக 2025 மே மாதம் 13 இணைய வணிகத் தளங்களுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. உரிமம் உள்ளவரும் சங்கேத மொழியில் பேசக் கூடாது. ராணுவ நடமாட்டத்தை அலைவரிசையில் சொல்வது அறவே கூடாது.

உங்கள் உரிமை எதுவரை?

போர் அல்லது வெளிநாட்டுத் தாக்குதலை முன்னிட்டு நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டால், பேச்சுரிமை தரும் 19ஆவது பிரிவின் பாதுகாப்பு அரசியல் சாசனத்தின் 358ஆவது பிரிவின்படி நின்றுபோகும். ஆனால் உயிர், தனிமனித சுதந்திரம் பற்றிய 21ஆவது பிரிவை அப்போதும் முடக்க முடியாது. 1978இல் வந்த 44ஆவது திருத்தம் தந்த பாதுகாப்பு அது. நெருக்கடி நிலை அறிவிக்கப்படாத காலத்தில், தடை உத்தரவு அளவுக்கு மீறியதாக இருக்கக் கூடாது, வெளியிடப்படவும் வேண்டும் என்று 2020இல் அனுராதா பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது இணைய முடக்கம் பற்றிய தீர்ப்பு என்றாலும், ஹாம்களும் அந்த வாதத்தை முன்வைக்கலாம்.

என்ன செய்யலாம்?

• நிறுத்தச் சொன்னால் உடனே டிரான்ஸ்மிட்டரை நிறுத்துங்கள். நேரத்தை லாக் புத்தகத்தில் குறித்துவையுங்கள்.

• உத்தரவின் நகலைக் கேளுங்கள். எந்தப் பிரிவின்கீழ், எந்த அதிகாரி, எவ்வளவு காலத்துக்கு என்பதைப் பாருங்கள்.

• போலீசார் சோதனையிட்டுக் கைப்பற்றினால், இரு சாட்சிகளும் வீடியோ பதிவும் இருக்க வேண்டும் என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. கருவிகளின் வரிசை எண்களோடு மகஜர் நகல் பெறுங்கள்.

• கைப்பற்றிய கருவியைத் திரும்பப் பெற மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மனு செய்யலாம். உத்தரவே தவறு என்றால் அரசியல் சாசனத்தின் 226ஆவது பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்தை அணுகலாம். சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணை அழையுங்கள்.

உரிமம், அழைப்புக்குறி, கருவி வாங்கிய ரசீது ஆகியவற்றின் நகல்களை இன்றே ஒரு கோப்பில் சேர்த்துவையுங்கள். நெருக்கடி நேரத்தில் உங்களைச் சந்தேகத்திலிருந்து விலக்கி நிறுத்துபவை அந்தக் காகிதங்கள்தான்.