தேடுவோர் தொகையும் நோயுற்றோர் தொகையும்

நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, உட்கார்ந்தே செய்யும் உத்தியோகத்தால் விளையும் உடற்பருமன் ஆகியவற்றைக் குறித்து வைத்தியரை வினவுமுன் இணையத்தை வினவுவோர் இக்காலத்தில் மிகப் பலர். அங்ஙனம் தேடப்படும் சொற்களை வரைபடமாகக் காட்டும் கருவியொன்றைக் கூகிள் நிறுவனத்தார் 2006-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அதன் கோடு உயரக் கண்டால் நோயும் பெருகிற்றென்று நாம் எளிதில் எண்ணிவிடுகின்றோம். அக்கோடு ஆட்கணக்கைக் காட்டுவதன்று. தேடுதல் மிக்கிருந்த வேளையை 100 எனக் கொண்டு, ஏனைய வேளைகளை அதனோடு ஒப்பிட்டுக் காட்டுவதேயாம்.

அந்நிறுவனத்தாரே 2008-இல், மக்கள் தேடும் சொற்களைக் கொண்டு அமெரிக்காவில் இன்புளூயன்சாக் காய்ச்சலின் பரவுதலைக் கணிக்கத் தொடங்கினர். 2012-13-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அக்கணிப்பு, வைத்தியரை நாடிச் சென்றோர் கணக்கினும் ஏறத்தாழ இருமடங்காயிற்று. 2015-இல் அதனை வெளியிடுதலை நிறுத்திவிட்டனர். பத்திரிகைகள் அச்சத்தை எழுப்புங்கால் சுகமாயிருப்பவனும் தேடுவானன்றோ?

காய்ச்சலாவது தன் வரவைத் தானே அறிவிக்கும். பெரியோர்க்கு வரும் நீரிழிவோ பல ஆண்டுகள் நோவேதுமின்றிச் சரீரத்திற் குடியிருக்கக்கூடும். நோவறியாதவன் எதனைத் தேடப்போகின்றான்?

தொழிலுக்கும் நோய்க்குமுள்ள தொடர்பை ஆராய்ந்தோர் சென்ற வழி வேறு. இலண்டன் மாநகரத்து ஈரடுக்குப் பஸ் வண்டிகளில் அக்காலத்தில் வண்டியோட்டி நாள் முழுவதும் உட்கார்ந்திருந்தார். கண்டக்டரோ சீட்டுக் கொடுப்பதற்காகப் படிகளில் ஓயாது ஏறியிறங்கினார். இருவரும் ஒரே வண்டியில் வேலை செய்தவர். வாழ்க்கை நிலையிலும் பெரிதும் ஒத்தவர். ஜெரி மாரிஸ் என்னும் மருத்துவரும் அவர் துணைவரும் இவ்விரு திறத்தாரின் நோய்க்கணக்கை ஒப்பிட்டு, 1953-இல் 'லான்செட்' பத்திரிகையில் வெளியிட்டனர். கண்டக்டர்களுக்கு இருதய நோய் குறைவாகவே கண்டது. கண்டவர்க்கும் அது பிந்திய வயதில், கடுமை குறைந்ததாய் வந்தது.

அவர்கள் இத்துடன் திருப்தியடையவில்லை. கம்பெனியார் அளித்த உடுப்புகளின் அளவைப் பார்த்தனர். (தையற்காரர் குறித்துவைத்த எண்கள் வைத்திய சாஸ்திரத்துக்கு உதவியது நமக்குப் பெரிதும் வியப்பளிக்கின்றது!) வண்டியோட்டிகளின் காற்சட்டை இடுப்பளவு, ஒத்த வயதுக் கண்டக்டர்களுடையதைவிடப் பெரிது என்பதும், இளவயதினரிடத்தும் அவ்வேறுபாடு உண்டென்பதும் 1956-இல் வெளிவந்தன. எனவே நோயின் வேறுபாடு முழுவதையும் படியேற்றத்தின் பயனென்று சொல்லுதல் அரிதாயிற்று. பருத்த உடலினர் அவ்வேலையைத் தெரிந்துகொண்டனரோ, வேலை அவர்களைப் பருக்கச் செய்ததோ என்னும் வினா எழுந்தது. தம் முடிவையே இவ்வாறு ஐயுற்று ஆராய்ந்ததை நாம் மிகவும் மெச்சுகின்றோம்.

நம்மில் மேசை முன் அமர்ந்து பொழுதைப் போக்கும் எழுத்தர் ஒருவர், இரவில் கைபேசியில் நோய்க்குறிகளைப் படித்து, அவற்றுள் ஒன்றும் தமக்கில்லையென்று அமைதியாய் உறங்கலாம். காலையில் உண்ணுமுன் எடுக்கும் இரத்தத்தில் டெசிலிட்டருக்கு 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ சர்க்கரையிருந்து, மறுமுறை சோதிக்கும்போதும் அவ்வாறே காணின், குறியொன்றும் இல்லாவிடினும் அது நீரிழிவே என்பர் மருத்துவர்.