கமீலியாச் செடியும் மழைநீரும்

நீலகிரி மலைச்சரிவுகளில் விளையும் தேயிலை, கமீலியா என்னும் பேரினத்தைச் சேர்ந்தது. அதே இனத்தில் மலருக்காக வளர்க்கப்படும் புதர்ச்செடிகளுள் ஒன்று சசாங்க்குவா. ஜப்பானின் தென்பகுதியைத் தாயகமாகக் கொண்ட இது, இலையுதிர் காலத்தில் வெண்மை, இளஞ்சிவப்பு முதலிய நிறங்களில் பூக்கும்.

கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூருவில் தட்பவெப்பம் மிதமானது. எனினும், இச்செடியை நட விரும்புவோர் முதலில் நீரையே ஆராய்தல் வேண்டும். அங்குப் பல இடங்களில் ஆழ்குழாய்க் கிணற்று நீர் கடின நீராகும். அதிலுள்ள பைகார்பனேட் உப்புகள் நாளடைவில் மண்ணின் அமிலத்தன்மையைக் குறைத்துவிடும். அப்பொழுது மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேர்களால் அதனைப் போதிய அளவு ஏற்க இயலாது. இளம் இலைகள் மஞ்சளாகும். நரம்புகள் மட்டும் பசுமையாக நிற்கும். இதனை எருக்குறைவு எனக் கருதி மேன்மேலும் எருவிடுவதால் பயனில்லை.

பெங்களூருவில் குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட மனைகளில் மழைநீர்ச் சேமிப்பு 2009ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தால் கட்டாயமாக்கப்பட்டது. அவ்வாறு சேமித்த நீர் இச்செடிக்கு மிகவும் ஏற்றது. வடிகால் துளையுள்ள பெரிய தொட்டியில் செம்மண், மக்கிய இலையெரு, மணல் ஆகியவற்றைக் கலந்து நிரப்பி, தண்டின் அடிப்பகுதி புதையாதவாறு நடுதல் வேண்டும். மண்ணின் பி.எச். மதிப்பு 5.5 முதல் 6.5 வரை இருப்பது நன்று. காலை வெயிலும் பிற்பகல் நிழலும் தேவை. பூத்து முடிந்தவுடன் கவாத்துச் செய்யலாம்.

ஆசிரியர்கள் மழைநீரிலும் கிணற்று நீரிலும் சம அளவு சோப்பைக் கரைத்து, நுரையை ஒப்பிட்டுக் காட்டலாம். நுரை குறைந்த நீரே கடின நீர். செடிக்கு எதனை வார்ப்பது என்பதை மாணவர்களே தீர்மானித்துக்கொள்வர்.