உங்கள் காருக்கு எந்த டிரெய்லர் ஹிட்ச்?

கம்ப்யூட்டர் பத்திரிகையில் டிரெய்லருக்கு என்ன வேலை என்று கேட்கிறீர்களா? மதர்போர்டு எவ்வளவு ஏற்கும் என்று பார்க்காமல் பெரிய ராமாக வாங்கி வந்து விழித்தவர்கள் நம்மில் பலர் உண்டு. நான் அதே தவறைக் காரில் செய்தேன். போதாததற்கு வயரிங்கிலும் மாட்டிக் கொண்டேன்.

நான் இருப்பது அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தில். ஆஸ்டினில் இருந்து டல்லாஸுக்கு வீடு மாற வேண்டியிருந்தது. சாமான் ஏற்ற இங்கே சிறிய டிரெய்லர்கள் வாடகைக்குக் கிடைக்கும். நம் காரின் பின்னால் மாட்டி நாமே இழுத்துச் செல்ல வேண்டும். அப்படி மாட்டுவதற்காகக் காரின் அடிச்சட்டத்தில் போல்ட் போட்டு முடுக்கும் இரும்பு அமைப்புதான் ஹிட்ச்.

ஹிட்ச்களை வகுப்பு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் வகுப்பு 2,000 பவுண்டு (சுமார் 907 கிலோ) வரை இழுக்கும். இரண்டாம் வகுப்பு 3,500 பவுண்டு. மூன்றாம் வகுப்பில் 8,000 பவுண்டு வரை கூட உண்டு. அதற்கு மேல் உள்ளவை பெரிய டிரக்குகளுக்கு, நமக்கு வேண்டாம். என்னிடம் இருந்தது பெட்ரோலில் ஓடும் ஹோண்டா சிஆர்-வி. அதற்குப் பொருந்தும் மூன்றாம் வகுப்பு ஹிட்ச் ஒன்றை வாங்கி மாட்டினேன். அதன் லேபிளில் 3,500 பவுண்டு என்று இருந்தது. அப்பாடா, கவலை இல்லை என்று நினைத்தேன்.

பிறகுதான் காரின் கையேட்டைப் புரட்டினேன். என் கார் இழுக்கலாம் என்று அதில் போட்டிருந்தது 1,500 பவுண்டுதான்! ஹிட்ச் எவ்வளவு தாங்கினாலும் காரின் எஞ்சின், கியர் பாக்ஸ், பிரேக், சஸ்பென்ஷன் மாறிவிடுவதில்லை. கார், ஹிட்ச், அதில் செருகும் தண்டு, உருண்டை, டிரெய்லர் என எல்லாவற்றிலும் ஒரு எண் இருக்கும். அவற்றில் எது மிகச் சிறியதோ அதுதான் உங்கள் எல்லை.

கணக்குப் போட்டேன். வாடகை டிரெய்லரின் காலி எடையே 850 பவுண்டு. மிச்சம் 650 பவுண்டு, அதாவது சுமார் 295 கிலோ. நான் கட்டி வைத்திருந்ததோ 1,100 பவுண்டு. சோபாவைப் பக்கத்து வீட்டாருக்குக் கொடுத்துவிட்டேன். புத்தகங்களை, புத்தகங்களுக்கென்றே குறைந்த கட்டணம் உள்ள மீடியா மெயில் தபாலில் அனுப்பினேன். கிரைண்டரை விட மனைவி சம்மதிக்கவில்லை.

அடுத்து உருண்டை. டிரெய்லரின் மூக்கில் உள்ள குழி இந்த உருண்டையின் மேல் உட்காரும். 1 7/8 அங்குலம், 2 அங்குலம், 2 5/16 அங்குலம் என்று மூன்று அளவுகள் வழக்கத்தில் உண்டு. 2 அங்குலக் குழியில் 1 7/8 அங்குல உருண்டையை வைத்தால் பூட்டிக் கொண்டது போலவே தெரியும். ஆனால் சாலையில் ஒரு மேடு வந்தால் துள்ளிக் கழன்றுவிடலாம். பின்னால் வருபவரை நினைத்துப் பாருங்கள். உருண்டையின் தலையில் அளவைப் பொறித்திருப்பார்கள். கண்ணால் மதிப்பிடாமல் அதைப் படித்துப் பாருங்கள்.

இனி நம் வாசகர்களுக்குப் பிடித்த பகுதி, வயரிங். சிறிய டிரெய்லர்களுக்கு நான்கு வயர் கொண்ட தட்டையான கனெக்டர் வரும். வெள்ளை எர்த், பழுப்பு பின்விளக்கு, மஞ்சள் இடது, பச்சை வலது. பிரேக்குக்கும் இண்டிகேட்டருக்கும் தனித்தனி வயர் கிடையாது, இரண்டும் ஒரே வயரில்தான். என் காரிலோ இரண்டுக்கும் தனித்தனி பல்புகள். நான் நேரடியாக ஒட்டுப் போட்டேன். இண்டிகேட்டர் போட்டால் டிரெய்லரில் எதுவும் நடக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு ஃப்யூஸும் போனது. நல்ல வேளை, ஃப்யூஸோடு போயிற்று!

இந்த இடத்தில் கன்வர்ட்டர் என்ற சிறிய பெட்டி தேவை. பிரேக், இண்டிகேட்டர் சிக்னல்களைச் சேர்த்து ஒரே வயரில் அனுப்பும் சர்க்யூட் அது. அதிலும் பேட்டரியில் இருந்து நேரடியாக மின்சாரம் எடுக்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள். இன்றைய கார்களில் விளக்குகளைப் பெரும்பாலும் ஒரு கம்ப்யூட்டர் மாட்யூல்தான் இயக்குகிறது. குறைந்த மின்சாரத்தில் எரியும் எல்இடிக்காக அமைத்த சர்க்யூட்டில் டிரெய்லரின் பல்புகளையும் சேர்த்தால் மாட்யூல் கெட்டுப் போகலாம். நல்ல கன்வர்ட்டர் காரில் இருந்து சிக்னலை மட்டும் எடுத்துக் கொள்ளும், சுமையைப் பேட்டரி தாங்கும். யூஎஸ்பி ஹப்புக்குத் தனி அடாப்டர் போடுகிறோமே, அது போல. உங்கள் கார் மாடலுக்கென்றே வரும் வயர் செட் கிடைத்தால் வயரை வெட்ட வேண்டிய வேலையே இல்லை.

கடைசியாக, டிரெய்லரின் மூக்கு ஹிட்ச்சை அழுத்தும் எடை. மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். 1,500 பவுண்டுக்கு 150 முதல் 225 பவுண்டு. குறைந்தால் டிரெய்லர் வால் போல ஆட ஆரம்பிக்கும், எனவே கனமான சாமான்களை முன்பாதியில் வையுங்கள். இந்த எடையையும் காரில் உட்காருபவர்களோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும். கார் மொத்தம் எவ்வளவு சுமக்கலாம் என்பது டிரைவர் கதவுப் பக்கம் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். அளக்கத் தனிக் கருவி வேண்டாம். சாமான் ஏற்றிய டிரெய்லரின் சக்கரங்களுக்கு அண்டக் கட்டை வைத்துவிட்டு, வீட்டில் நாம் ஏறி நிற்கும் எடை மெஷின் மேல் ஹிட்ச் உயரத்துக்கு ஒரு மரக்கட்டையை நிறுத்தி, மூக்கை அதன் மேல் இறக்குங்கள். எனக்கு முதலில் 90 பவுண்டுதான் காட்டியது. கிரைண்டரைப் பின்னால் இருந்து முன்னால் நகர்த்தியதும் 170 ஆனது.