பெட்டியில் 1000 வாட்ஸ், உள்ளே எத்தனை வாட்ஸ்?

கம்ப்யூட்டர் வாங்கியவுடன் அடுத்து மனம் போவது ஸ்பீக்கர் பக்கம்தான். கடையில் இருக்கும் சிறிய 2.1 ஸ்பீக்கர் பெட்டிகள் சிலவற்றில் ‘1000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். திருவிழாவுக்கு மைக் செட்காரர் கொண்டுவரும் கனமான ஆம்ப்ளிஃபயரிலும் 1000 வாட்ஸ் என்றுதான் இருக்கும். இரண்டும் ஒன்றா? நிச்சயமாக இல்லை. உண்மை தெரிய வேண்டுமானால் உள்ளே இருக்கும் பவர் சப்ளையைப் பார்க்க வேண்டும்.

பவர் சப்ளையின் வேலை

ஆம்ப்ளிஃபயர் தானாக மின்சக்தியை உண்டாக்குவதில்லை. கம்ப்யூட்டரிலிருந்து வரும் சிறிய சிக்னலுக்கு ஏற்றபடி, பவர் சப்ளை தரும் மின்சாரத்தை ஸ்பீக்கருக்குத் திறந்துவிடுகிறது. அது குழாய் என்றால், பவர் சப்ளைதான் தொட்டி. தொட்டியில் இருப்பதற்கு மேல் குழாயில் வராது.

ஸ்பீக்கரின் அடாப்டரில் 12 வோல்ட், 2 ஆம்பியர் என்று இருந்தால் பெருக்கிப் பாருங்கள்: 24 வாட்ஸ். இதில் ஒரு பகுதி வெப்பமாகப் போய்விடும். மூன்று ஸ்பீக்கர்களுக்கும் சேர்த்துத் தொடர்ந்து கிடைப்பது ஏறக்குறைய 15 வாட்ஸ்தான். பி.எம்.பி.ஓ. அளவுக்குப் பொதுவான விதி எதுவும் கிடையாது. ஆர்.எம்.எஸ். வாட்ஸ் எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள்.

சப்வூஃபருக்கு ஏன் பசி அதிகம்?

நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வகைப் பவர் சப்ளையில் உள்ள கெபாசிட்டர்கள் நொடிக்கு 100 முறை, அதாவது 10 மில்லி செகண்டுக்கு ஒரு முறை நிரம்புகின்றன. இடைப்பட்ட நேரத்தில் சேமிப்பிலிருந்துதான் செலவு.

40 ஹெர்ட்ஸ் டிரம் ஓசையில் அரை அலைக்கு மட்டும் 12.5 மில்லி செகண்ட் ஆகிறது. கெபாசிட்டர் மறுபடி நிரம்பும் இடைவெளியைவிட இது அதிகம். அந்த நேரம் முழுவதும் 2 ஆம்பியர் இழுத்தால், 4700 மைக்ரோஃபேரட் கெபாசிட்டரில் 10 மில்லி செகண்டில் சுமார் 4 வோல்ட் இறங்கிவிடும். 10,000 மைக்ரோஃபேரட் என்றால் 2 வோல்ட்தான் இறங்கும். வோல்டேஜ் போதாதபோது அலையின் உச்சி வெட்டுப்படுகிறது. இதைத்தான் கிளிப்பிங் என்கிறோம். ‘தும்’ என்று வர வேண்டியது ‘டர்ர்’ என்று வரும். அப்படியே தொடர்ந்தால் ஸ்பீக்கர் காயிலே எரிந்துபோகலாம்.

மலைமேல் திருவிழா

இதே கணக்கைப் பெரிய அளவில் பார்ப்போம். நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில் உள்ள திருப்புலி நாட்டில் ஒரு திருவிழா என்று வைத்துக்கொள்ளுங்கள். காரவள்ளி வழியாக வந்தால் 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏற வேண்டும். எடை குறைந்தால் ஏற்றி இறக்கும் செலவும் குறையும். மேலும், மின்கம்பி நீண்ட தூரம் செல்லும் இடங்களில் லோ வோல்டேஜ் பிரச்சினை வரலாம்.

230 வோல்ட் 190 ஆகக் குறைந்தால், டிரான்ஸ்ஃபார்மர் வகை ஆம்ப்ளிஃபயருக்குள்ளும் அதே விகிதத்தில் வோல்டேஜ் குறையும். ஆனால் வாட்ஸ் அதைவிட வேகமாகக் குறையும்; 100 வாட்ஸ் தந்தது 68 வாட்ஸ்தான் தரும். சத்தம் போதவில்லை என்று வால்யூமைக் கூட்டினால் கிளிப்பிங்தான் மிச்சம்.

இங்கு கைகொடுப்பது எஸ்.எம்.பி.எஸ். உங்கள் சி.பி.யு. பெட்டிக்குள் இருப்பதும் இதே வகைதான். மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி அனுப்புவதால் சிறிய டிரான்ஸ்ஃபார்மரே போதும். எடை வெகுவாகக் குறைகிறது. ரெகுலேஷன் உள்ள எஸ்.எம்.பி.எஸ்., வெளியே வோல்டேஜ் குறைந்தாலும் கூடுதல் ஆம்பியரை இழுத்து உள்ளே அளவைச் சரியாக வைத்திருக்கும். அதனால் மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயர் சூடாகும். தடித்த காப்பர் ஒயரையே பயன்படுத்த வேண்டும்.

கவனத்தில் கொள்ளுங்கள்

* கம்ப்யூட்டரை ஆம்ப்ளிஃபயருடன் இணைத்ததும் ‘ம்ம்’ என்ற இரைச்சல் வந்தால், இரண்டையும் எர்த் உள்ள ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகிப் பாருங்கள். அப்படியும் நிற்கவில்லை என்றால் ஆடியோ ஒயருக்கு நடுவே ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் பொருத்தலாம்.

* இரைச்சலை நிறுத்த பிளக்கின் எர்த் பின்னை ஒருபோதும் உடைக்காதீர்கள். ஆம்ப்ளிஃபயரில் பழுது ஏற்பட்டால், மைக்கைப் பிடித்திருப்பவர் மீது மின்சாரம் பாயும். உயிருக்கே ஆபத்து.

* சப்வூஃபரை யு.பி.எஸ்.ஸில் இணைக்காதீர்கள். கரண்ட் போனதும் ஃபைலை சேவ் செய்ய வேண்டிய நேரத்தைப் பாட்டு தின்றுவிடும்.

* பவர் சப்ளையின் பின்னால் 115/230 சுவிட்ச் இருந்தால் 230-இலேயே இருக்கட்டும். 115-க்கு மாற்றி ஆன் செய்தால் பவர் சப்ளை வெடித்துப் பழுதாகிவிடும்.

அடுத்த முறை ஸ்பீக்கர் வாங்கப் போகும்போது முன்பக்கத்தில் உள்ள கொட்டை எழுத்தைப் பார்த்து மயங்காமல், அடாப்டரிலோ பின்பக்கத்திலோ உள்ள பொடி எழுத்தைப் படியுங்கள். உண்மை அங்கேதான் இருக்கிறது.