எடை குறைந்த பழம்பாணி ஸ்போர்ட்ஸ் கார்

எடை குறைந்த பழம்பாணி ஸ்போர்ட்ஸ் கார் என்பது இருவர் மட்டும் அமரக்கூடிய, கூரை இல்லாத அல்லது மடக்குக் கூரை கொண்ட, 1930கள் முதல் 1960கள் வரையிலான தோற்றத்தில் அமைந்த சிறிய கார் ஆகும். சொல்லுக்குச் சொல் பெயர்த்து ‘விளையாட்டுக் கார்’ என்று எழுதினால் குழந்தைகளின் பொம்மைக் கார் நினைவுக்கு வருவதால், இக்கட்டுரையில் ஸ்போர்ட்ஸ் கார் என்ற சொல்லே ஆளப்படுகிறது. இவ்வகைக் காரின் கட்டமைப்பு, தமிழ்நாட்டில் உருவான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காருடன் அதற்குள்ள உறவு, கானாடுகாத்தான் போன்ற ஊரில் இத்தகைய காரை வைத்துக் காப்பாற்றும் முறை, அதை ஓட்டுவதிலும் பதிவு செய்வதிலும் உள்ள சிக்கல்கள் ஆகியவை இங்கே விளக்கப்படுகின்றன.

எடையும் திறனும்

இவ்வகைக் கார்களுக்கு முன்மாதிரியாக விளங்குவது, இங்கிலாந்தின் காலின் சாப்மன் 1957இல் வெளியிட்ட லோட்டஸ் செவன். குழாய்களை இணைத்துச் செய்த சட்டகம், அதன் மேல் மெல்லிய அலுமினியத் தகடு, இரண்டு இருக்கை, ஒரு சிறிய எஞ்சின். கதவுகூடக் கிடையாது. முதல் வரிசைக் கார்களில் ஃபோர்டு நிறுவனத்தின் 1172 சி.சி. எஞ்சின் இருந்தது, அதன் திறன் ஏறத்தாழ 40 குதிரைத்திறன்தான். 1973இல் இதன் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குச் சென்றது. அந்நிறுவனம் இன்றும் அதே வடிவில் கார் செய்து விற்கிறது.

இக்காரின் வேகம் எஞ்சினின் பெருமையால் வருவதன்று. கேட்டர்ஹாமின் ‘செவன் 160’ வகையில் சுசுகியின் 660 சி.சி. எஞ்சின் உள்ளது. 80 குதிரைத்திறன், காரின் எடை 490 கிலோ. ஒரு டன் எடைக்குக் கணக்கிட்டால் 163 குதிரைத்திறன் வருகிறது. நம் ஊர்ச் சாலைகளில் நெடுங்காலம் ஓடிய மாருதி 800க்கு இதே கணக்கைப் போட்டால் (37 குதிரைத்திறன், ஏறத்தாழ 650 கிலோ) 57தான் கிடைக்கும். எடை குறைந்தால் பிரேக்குக்கு வேலை குறையும், டயர் தேய்வது குறையும், வளைவில் கார் வெளிப்பக்கமாகத் தள்ளப்படும் விசையும் குறையும். பள்ளி இயற்பியலில் வரும் நிறை, விசை, முடுக்கம் ஆகியவற்றின் தொடர்பே இது.

இந்தியாவிலும் இத்தகைய முயற்சிகள் நடந்துள்ளன. செவனின் சாயலில், கண்ணாடி இழை உடலும் அம்பாசிடரில் பொருத்தப்பட்ட இசுசு 1.8 லிட்டர் எஞ்சினும் கொண்டு வந்த ‘சின்காரா ரோட்ஸ்டர்’ அவற்றுள் ஒன்று. ஆனால் தமிழ்நாட்டைப் பொறுத்தவரை இவ்வகைக் காருக்கு மிக நெருங்கிய உறவு ஒரு குடும்பக் கார்தான்.

வண்டலூர் ஹெரால்டு

இங்கிலாந்தில் 1959இல் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டு, 1960களின் தொடக்கம் முதல் சென்னைக்குத் தெற்கே வண்டலூரை ஒட்டியிருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் தொழிற்சாலையில் ‘ஸ்டாண்டர்ட் ஹெரால்டு’ என்ற பெயரில் தயாரானது. 948 சி.சி. எஞ்சின், ஏறத்தாழ 800 கிலோ எடை. வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி. 1968இல் வந்த நான்கு கதவு ‘மார்க் 3’ வகை இந்தியாவுக்கென்றே உருவாக்கப்பட்டது. 1970களின் தொடக்கத்தில் அதன் இடத்தைப் பிடித்தது ‘கெசல்’.

அக்காலத்தில் பெரும்பாலான புதிய கார்களில் உடலும் அடிச்சட்டமும் ஒன்றாகவே வார்த்தாற்போல் இருந்தன. ஹெரால்டு அப்படியன்று. தனி அடிச்சட்டம், அதன் மேல் பகுதி பகுதியாக போல்ட்டு போட்டு முடுக்கிய உடல். ஆகவே உடலைக் கழற்றிவிட்டு வேறு உடல் ஏற்றுவது எளிது. டிரையம்ப் நிறுவனமே இதே அடிச்சட்டத்தைச் சுருக்கி 1962இல் ‘ஸ்பிட்ஃபயர்’ என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தது. 1970களில் இங்கிலாந்தில் ‘ஜென்ட்ரி’, ‘ஸ்பார்ட்டன்’ என்ற பெயர்களில், பழைய ஹெரால்டின் மேல் பொருத்துவதற்கான பழம்பாணி உடல்கள் விற்கப்பட்டன. ஜென்ட்ரியைத் தொலைவிலிருந்து பார்த்தால் 1950களின் எம்.ஜி. கார் என்றே தோன்றும். லோட்டஸ் செவனின் இரண்டாம் வரிசையிலும் ஹெரால்டின் ஸ்டியரிங் ரேக்கும் முன்சக்கரத் தாங்கிகளும் பயன்பட்டன. செவனைப் பராமரிப்பவர் அறிய வேண்டியவற்றில் பாதி, வண்டலூரில் செய்த ஒரு குடும்பக் காரைப் பராமரிப்பவருக்கும் பொருந்துவது இதனால்தான்.

கானாடுகாத்தானில் காரை வைத்திருத்தல்

சிவகங்கை மாவட்டத்தில் காரைக்குடிக்கு அருகே உள்ள கானாடுகாத்தான், நகரத்தாரின் பெரிய வீடுகளுக்குப் பெயர்பெற்றது. ஒரு தெருவில் முன்வாசலும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளும் வீடுகள். உரிமையாளர்கள் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருப்பார்கள். திருமணம், படைப்பு போன்ற நாள்களில் மட்டும் வீடு முழுமையாகத் திறக்கும். இத்தகைய வீட்டின் கொட்டகையில் நிற்கும் பழைய காருக்கும் அதே நிலைதான். ஓடித் தேய்ந்த கார்களைவிட நின்று கெட்ட கார்களே அதிகம்.

ஊரின் தட்பவெப்பம் ஒருவகையில் நல்லது. கடற்கரையிலிருந்து தள்ளி இருப்பதால் சென்னையைப் போல உப்புக் காற்று தகட்டைத் தின்பதில்லை. (உலோக அரிப்பை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953 முதல் பக்கத்துக் காரைக்குடியிலேயே இயங்குகிறது.) இங்குள்ள பகை வேறு: கோடையின் வெப்பமும் செம்மண் புழுதியும். ரப்பர்க் குழாய்கள் வெடிக்கும், பேட்டரியில் நீர் வற்றும், இருக்கை உறை காய்ந்து பிளக்கும். புழுதி கார்புரேட்டருக்குள் போனால் எஞ்சினின் ஆயுள் பாதியாகும். காற்று வடிகட்டியைச் சமதளச் சாலைகளுக்குச் சொல்லப்பட்ட இடைவெளியில் பாதிக்கே மாற்றுவது நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையில் புழுதி சேறாகி அடிச்சட்டத்தின் மூலைகளில் தங்கும். ஹெரால்டின் அடிச்சட்டம் துருப்பிடிக்கத் தொடங்குவது பக்கவாட்டில் நீட்டிய கைகளில்தான். வாங்க நினைப்பவர் வண்ணத்தைப் பார்ப்பதைவிட, காரின் கீழே படுத்து ஒரு திருப்புளியால் அந்த இடங்களைக் குத்திப் பார்ப்பது பயன் தரும்.

மாதந்தோறும் காவலாளி வந்து எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துவது பரவலான வழக்கம். இது நன்மையைவிடத் தீமையே செய்கிறது. எஞ்சின் முழுமையாகச் சூடேறும் முன் நிறுத்தினால், எரிதலில் உண்டான நீராவி ஆயிலிலும் சைலன்சரிலும் நீராகத் தங்கிவிடும். ஓட்டுவதானால் நன்றாகச் சூடேற ஓட்ட வேண்டும். காரைக்குடி போய்த் திரும்பும் தூரம் போதும். அதற்கு ஆள் இல்லையென்றால் முறையாக நிறுத்தி வைப்பதே மேல்: பேட்டரி இணைப்பைக் கழற்றி, சக்கரங்களுக்கு அடியில் கட்டை வைத்து, ஹேண்ட்பிரேக்கைத் தளர்த்திவிட வேண்டும். இழுத்துவிட்ட ஹேண்ட்பிரேக்குடன் மழைக்காலத்தைக் கழித்த காரில் பிரேக் கட்டை டிரம்மோடு ஒட்டிக்கொள்வது வழக்கமான கதை. எலிகள் மின்கம்பியைக் கடிக்காமல் பார்ப்பதும் இப்பட்டியலில் சேர வேண்டியதே.

பெட்ரோல் இன்று தனிக் கவலை. பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் இப்போது 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருக்கிறது. பழைய ரப்பர்க் குழாய்களையும் கார்க்கு கேஸ்கட்டுகளையும் அது இளக்கிவிடும். தொட்டியின் அடியில் பல ஆண்டுகளாகப் படிந்திருந்த கசடைக் கரைத்துக் கொண்டுவந்து ஜெட்டில் அடைக்கும். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுப்பதால் நெடுநாள் நிற்கும் தொட்டியின் அடியில் நீர் சேரும். எத்தனால் தாங்கும் குழாய்களாக எல்லாவற்றையும் மாற்றுவது முதல் வேலை. கசியும் பெட்ரோல் சூடான எஞ்சினில் சொட்டினால் தீப்பிடிக்கும் என்பதால் இதைத் தள்ளிப்போடக் கூடாது. மூன்று மாதத்துக்கு மேல் கார் நிற்கப்போகிறது என்றால் தொட்டியையும் கார்புரேட்டரையும் வடித்துவிடலாம். புதுக் கார்கள் எத்தனாலுக்கு ஏற்பக் கலவையைத் தாமே திருத்திக்கொள்ளும். கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. கலவை மெலிந்து எஞ்சின் சூடேறுவதால் அதைக் கையால் திருத்த வேண்டும்.

மேலும், இந்தியாவில் 2000ஆம் ஆண்டோடு ஈயம் கலந்த பெட்ரோல் நின்றுபோனது. அதற்கு முந்தைய எஞ்சின்களில் வால்வு இருக்கைக்கு ஈயமே காப்பாக இருந்தது. சிலிண்டர் ஹெட்டைக் கழற்றும் வாய்ப்பு வரும்போது கடினமான இருக்கை வளையங்களைப் பொருத்திக்கொள்வது நல்லது.

கிரீஸா, கியர் ஆயிலா

ஹெரால்டிலும் அதன் உறவுக் கார்களிலும் உயிரோடு தொடர்புடைய ஒரு செய்தி உண்டு. முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்தான எஃகுத் துண்டின் கீழ்முனை, மரையிட்டு ஒரு வெண்கலக் கட்டைக்குள் திருகப்பட்டிருக்கும். இக்கட்டைக்கு டிரன்னியன் என்று பெயர். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் எஃகு மரை வெண்கலத்துக்குள் சுழலும். இதற்கு இட வேண்டியது 90 எண் கொண்ட இ.பி. வகைக் கியர் ஆயில்; கிரீஸ் அன்று.

ஆனால் ஒர்க்‌ஷாப்புகளில் கிரீஸ் கன்னை எடுத்து எல்லா நிப்பிளிலும் அடித்துக்கொண்டே போவதுதான் பழக்கம். கிரீஸ் நாளடைவில் இறுகி மரையின் அடிப்பகுதிக்கு எண்ணெய் போகாமல் அடைத்துவிடும். அங்கே நீர் புகுந்து எஃகு துருப்பிடிக்கும். ஒருநாள் முழுத் திருப்பத்தில் அந்த எஃகு முறிந்து முன்சக்கரம் காரின் அடியில் மடிந்து விழும். நிறுத்துமிடத்தில் மெதுவாகத் திருப்பும்போது நடந்தால் நல்லூழ். திருமயம் சாலையில் 70 கி.மீ. வேகத்தில் நடந்தால் என்னவாகும் என்று விளக்க வேண்டியதில்லை. ஆண்டுக்கு ஒருமுறையாவது, மழைக்காலம் முடிந்ததும், பழைய எண்ணெய் வெளியே வரும்வரை புதிய கியர் ஆயிலைச் செலுத்த வேண்டும். முன்பு கிரீஸ் அடிக்கப்பட்டதா என்று தெரியாத காரை வாங்கியவர், ஓட்டும் முன் அப்பகுதியைப் பிரித்துப் பார்ப்பதே சரி. ஹெரால்டின் முன்பக்கம் முழுவதும் ஒரே மூடியாக முன்னோக்கிச் சாய்ந்து திறக்கும். சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டே வேலை செய்யலாம் என்பதால் சாக்குச் சொல்ல இடமில்லை.

ஓட்டுதல்

இன்றைய கார் ஓட்டிப் பழகியவருக்கு முதல் நாள் திகைப்பாக இருக்கும். முதல் கியரில் சிங்க்ரோமெஷ் இல்லாததால் கார் நின்ற பிறகே அதைப் போட வேண்டும். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்; ஏர்பேக் கிடையாது. பிரேக் குழாயும் ஒரே தொகுதி என்பதால் ஓரிடத்தில் கசிந்தால் நான்கும் போய்விடும். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சக்கூடியது. இரண்டு ஆண்டுக்கொருமுறை அதை மாற்ற வேண்டும்.

வளைவில் ஒரு குணம் உண்டு. ஹெரால்டின் பின் அச்சு நடுவில் பிரிந்து, இரண்டு பாதிகளும் தனித்தனியே மேலும் கீழும் ஆடும். வளைவுக்குள் வேகமாக நுழைந்து, பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தால் காரின் பின்பகுதி எழும்பி, பின்சக்கரம் உள்நோக்கி மடிந்து, பிடிப்பு போய்விடும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் காலை ஒரே நிலையில் வைத்திருந்தால் இத்தொல்லை வராது. இந்திய வாடிக்கையாளர்களுக்கு இந்த அச்சு பிடிக்காததால் கெசலில் முழு அச்சு பொருத்தப்பட்டது. எடை குறைந்த செவன் வகைக் கார்களில் இக்குணம் இல்லை; அவற்றின் ஆபத்து வேறு. ஓட்டுநரின் தலை லாரிச் சக்கரத்தின் உயரத்தில் இருக்கும். பேருந்து ஓட்டுநருக்குக் கார் கண்ணிலேயே படாது. அடிப்பகுதி தாழ்வாக இருப்பதால் ஊருக்கு ஊர் போட்டிருக்கும் வேகத்தடைகளில் குறுக்காக ஏற்றித்தான் இறக்க வேண்டும்.

கோடை நண்பகலில் பெட்ரோல் பம்பு சூடேறி, உள்ளே பெட்ரோல் ஆவியாகி எஞ்சின் நின்றுவிடுவதுண்டு. பம்பின் மேல் ஈரத்துணி சுற்றிக் கால்மணி நேரம் நிழலில் காத்திருந்தால் கிளம்பிவிடும். விடியற்காலையில் புறப்பட்டு எட்டு மணிக்குள் திரும்புவது இதற்கு நிரந்தரத் தீர்வு.

பதிவும் சட்டமும்

கொட்டகையில் கிடக்கும் ஹெரால்டின் உடலைக் கழற்றி எறிந்துவிட்டு, ஜென்ட்ரி போல ஒரு திறந்த ஸ்போர்ட்ஸ் கார் செய்துகொள்ளலாம் என்ற ஆசை சிலருக்கு எழுவதுண்டு. இங்கிலாந்தில் 50 ஆண்டுகளுக்கு முன் நடந்தது இன்றைய இந்தியாவில் நடவாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரத்துக்கு மாறாக வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டின் சட்டத்திருத்தப்படி, மீறும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.

இழப்பு அதோடு முடியவில்லை. 2021 ஜூலையில் மத்திய அரசு பழமைவாய்ந்த வாகனங்களுக்குத் தனி விதிகள் கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, வணிகப் பயன்பாடற்ற இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களுக்கு இவை பொருந்தும். அடிச்சட்டம், உடல், எஞ்சின் ஆகியவை மாற்றப்படாமல் மூல வடிவில் இருக்க வேண்டும். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதிவாகும் வண்டிக்கு ‘வி.ஏ.’ என்ற எழுத்துகளுடன் எண் வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டுக்குப் பின் மறுபதிவுக்கு 5,000 ரூபாய். 1960களின் ஹெரால்டு எல்லாம் இன்று இந்த வயதைக் கடந்துவிட்டன. உடலை மாற்றியவர் இத்தகுதியையும் இழக்கிறார்.

இப்பதிவுக்கு ஒரு கட்டுப்பாடும் உண்டு. கண்காட்சி, பழங்கார் அணிவகுப்பு, தொழில்நுட்ப ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே வண்டி சாலையில் ஓடலாம். அன்றாடப் பயன்பாட்டுக்கு அனுமதி இல்லை. வாரந்தோறும் காரைக்குடிச் சந்தைக்கு ஓட்டிப்போக விரும்புபவர், வழக்கமான பதிவையே ஐந்தாண்டுக்கொருமுறை தகுதி ஆய்வுடன் புதுப்பித்து, பசுமை வரியும் செலுத்தி வருவது பொருத்தம். தமிழ்நாட்டில் தனியார் கார்களுக்கு டெல்லியில் உள்ளது போன்ற வயதுத் தடை இல்லை.

தானே காரைச் செய்து பார்க்க வேண்டும் என்பவருக்கு உரிய இடம் பந்தயத் தடம். கோயம்புத்தூரைச் சேர்ந்த எஸ். கரிவரதன், மாருதி 800இன் 796 சி.சி. எஞ்சினைக் கொண்டே ‘ஃபார்முலா மாருதி’ பந்தயக் காரை உருவாக்கினார். 1988இல் அப்பந்தயம் தொடங்கியது. பிற்காலத்தில் ஃபார்முலா ஒன் வரை சென்ற நரேன் கார்த்திகேயன் தொடக்கத்தில் ஓட்டியவற்றுள் இதுவும் ஒன்று. அவர் பெயரில் கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே உள்ளது. திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கி.மீ. நீளமுள்ள சென்னை மோட்டார் பந்தயத் தடம் உள்ளது. பொதுச்சாலை அல்லாததால் அங்கே ஓடும் பந்தயக் காருக்குப் பதிவெண் தேவையில்லை. பாதுகாப்பு ஆய்வு மட்டும் உண்டு. கானாடுகாத்தானிலிருந்து காரை லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டியிருக்கும்.