அழிக்கக் கூடாத கோப்புகள்

கணிப்பொறி நுழையாத துறை இன்று இல்லை. கட்டணம் கட்டுவது முதல் தேர்வு முடிவை அறிவது வரை அதன் துணை நமக்கு வேண்டியிருக்கிறது. ஆயினும் அதிலுள்ள கோப்புகளுள் எவற்றை அழிக்கலாம், எவற்றைத் தொடவே கூடாது என்பதைப் பலர் அறிவதில்லை.

கோப்புகள் இரு வகைப்படும். கட்டுரை, படம், பாட்டு என நாம் சேர்த்து வைப்பவை ஒரு வகை. கணிப்பொறியையே இயக்குபவை மற்றொரு வகை. விண்டோஸ் இயக்க அமைப்பில் இவற்றுட் பல ‘சிஸ்டம்32’ என்னும் பகுதியில் உள்ளன. முன்னதை அழித்தால் ஒரு கட்டுரையோடு போயிற்று. பின்னதை அழித்தால் கணிப்பொறியே இயங்காது நின்றுவிடலாம். ஒரே கோப்பைப் பல நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்துவதே இதற்குக் காரணம். ஊர்ப் பொதுக் கிணற்றைத் தூர்த்தால் தவிப்பது ஒரு வீடு மட்டுமன்று அல்லவா?

விண்டோஸ் 98 வரையிலான பதிப்புகளில், புதிதாக நிறுவப்படும் நிரல் இத்தகைய பொதுக் கோப்பை மாற்றிவிட, வேறு நிரல்கள் பழுதுபடுவது வழக்கமாயிருந்தது. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் 2000 இதற்கு ஒரு வழி கண்டது. முக்கியமான கோப்பு அழிந்தால், மறைவாக வைத்திருக்கும் படியிலிருந்து அமைப்பு தானே அதனை மீட்டுக்கொண்டது. 2007இல் பொதுமக்களுக்கு வந்த விஸ்டா, அழிக்கும் உரிமையையே கட்டுப்படுத்தியது. அக்கோப்புகளின் உரிமையாளர் ‘டிரஸ்டட் இன்ஸ்டாலர்’ என்னும் அமைப்புச் சேவை. நிர்வாகி அழிக்க முயன்றாலும் அனுமதி மறுக்கப்படும். ஆனால் நிர்வாகி அந்த உரிமையைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு அழிக்க முடியும். எனவே பூட்டு எவ்வளவு வலிதாயினும் சாவி மனிதன் கையில்தான் இருக்கிறது.

அந்தக் கையை ஏமாற்றுவது எளிது. 2002இல் ஒரு மின்னஞ்சல் உலகெங்கும் பரவியது. ‘கரடிப் பொம்மைச் சின்னமுள்ள கோப்பு உங்கள் கணிப்பொறியில் இருந்தால் அது வைரஸ், உடனே அழியுங்கள், நண்பர்களுக்கும் சொல்லுங்கள்’ என்றது. தேடிப் பார்த்தவர்கள் கரடியைக் கண்டு அஞ்சி அழித்தனர். உண்மையில் அது ஜாவா நிரல் எழுதுவோருக்காக விண்டோஸுடன் வந்த கோப்பே. வைரஸ் எதுவும் இல்லை. வைரஸ் செய்யும் வேலையை மனிதர்களே செய்து முடித்தார்கள்!

வட்டில் இடம் போதவில்லையெனில் விண்டோஸிலேயே உள்ள துப்புரவுக் கருவியைப் பயன்படுத்துக. அமைப்புக் கோப்பு பழுதானால் ‘எஸ்எஃப்சி’ என்னும் கட்டளை அதனைச் சரிபார்த்து மீட்க உதவும். ‘அனுமதி இல்லை’ என்று கணிப்பொறி மறுக்குமாயின் சினம் கொள்ள வேண்டா. அது ஏன் மறுக்கிறது என்று முதலில் கேட்போம். விடை தெரிந்த பின் விசையைத் தொடுவோம்.